பச்சை வயர்

அப்பாவின் வண்டியில் டூல்ஸ் பைக்குள் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், பிளக் கழற்றும் குழாய் இவற்றோடு எப்போதும் இரண்டு மூன்று ஹெட்லைட் பல்புகள் கிடக்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி மேலே ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். 12 வோல்ட், 35/35 வாட். தேனிக்குச் சாமான் வாங்கப் போகும்போது அம்மா எழுதும் சிட்டையில், புளி, வத்தல், கடுகுக்குக் கீழே ‘பல்பு’ என்று தன் கையால் ஒரு வரி சேர்ப்பார். வேறெந்த வீட்டுச் சிட்டையிலும் அந்த வரி இருந்திருக்காது.

அப்பாவுக்கு வேலை கேரளத்து மலையில். வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதினார். திங்கட்கிழமை விடியுமுன் பழனிசெட்டிபட்டியிலிருந்து கிளம்பி வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று பள்ளத்தாக்கின் நீளத்துக்கும் போவார். கம்பத்தில் மேற்கே திரும்பிக் கம்பமெட்டு மலைப்பாதையில் ஏற வேண்டும். சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து முடித்துவிட்டு இறங்குவார். ஏறுவதும் இருட்டில், இறங்குவதும் இருட்டில். ஆனி, ஆடி மாதங்களில் சாரலும் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும்.

பல்பு சமதளத்தில் போவதில்லை. மலையில்தான் போகும். வளைவில் இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கி ஏறும்போது வெளிச்சம் திடீரென்று வெள்ளை வெளேரென்று பொங்கி அப்படியே அணைந்துவிடும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அப்பா காலை ஊன்றி வண்டியை நிறுத்திக்கொள்வார். அந்த நேரத்தில் கம்பத்திலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மேலே போகும். ஏதாவது ஒரு ஜீப் கடந்து போகும்வரை காத்திருந்து, அதன் பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே மெட்டு வரைக்கும் போய்ச் சேருவார். பல்பை மாற்றுவதெல்லாம் விடிந்த பிறகுதான்.

இதை அவர் வீட்டில் சொன்னதேயில்லை. கம்பத்தில் இருந்த எங்கள் அத்தை அப்படி ஒரு ஜீப்பில் வேலைக்குப் போய்வந்தார். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு வந்திருந்தபோது பேச்சுவாக்கில், “அண்ணே எங்க ஜீப்பு லைட்டப் பார்த்துக்கிட்டேதான மல ஏறி வருது” என்றார். அம்மா சோறு பிசைந்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அம்மா தூங்கவில்லை. அப்பா தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து, பக்கத்துக் கடையிலிருந்து எதிர்வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லும்வரை வாசற்படியை விட்டு எழுந்திருக்கவும் மாட்டார்.

அது 2005. உத்தமபாளையத்துக் கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் வண்டி நூறு சி.சி., நான்கு ஸ்ட்ரோக், கிக்கர் மட்டும் உள்ளது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அந்த ரக வண்டிகளின் மின்சார ஏற்பாட்டை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பல்பு ஏன் மலையில் மட்டும் போனது என்பது விளங்காது. இன்ஜினோடு சேர்ந்து ஒரு காந்தச் சக்கரம் சுற்றும். அதற்குள் செம்புக் கம்பி சுற்றிய காயில்கள் அசையாமல் இருக்கும். சக்கரம் சுற்றச் சுற்றக் காயிலில் மாறுதிசை மின்சாரம் பிறக்கும். ஹெட்லைட்டும் பின் விளக்கும் அந்த மாறுதிசை மின்சாரத்தையே நேரடியாக எடுத்துக்கொள்ளும். சிக்னலில் வண்டி நிற்கும்போது விளக்கு மங்கி, முறுக்கினால் பளிச்சென்று எரிவதை நம் ஊரில் பார்க்காதவர் இல்லை. இன்னொரு பங்கு மின்சாரம் ஒருதிசையாக்கப்பட்டுப் பேட்டரிக்குப் போகும். அதிலிருந்து ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட். பிளக்கில் பொறி வருவதற்குத் தனிக் காயில் உண்டு. ஆகவே பேட்டரி செத்தே போனாலும் உதைத்தால் வண்டி கிளம்பிவிடும். இது வசதிதான். ஆனால் இந்த வசதியால்தான் பேட்டரியின் நோவை யாரும் கவனிப்பதில்லை.

இந்த இரண்டு பங்குக்கும் நடுவே காவல் நிற்பது ரெகுலேட்டர். உள்ளங்கையில் அடங்கும் அலுமினியப் பெட்டி; வெளியே சூடு தணியச் செதில் செதிலாக மடிப்புகள்; உள்ளே டயோடும் தைரிஸ்டரும், மேலே இறுகிய கறுப்புப் பிசின். நான்கு பின். வெள்ளை வயரும் மஞ்சள் வயரும் காயிலிலிருந்து வருகின்றன, சிவப்பு பேட்டரிக்குப் போகிறது, பச்சை எர்த்.

அப்பாவின் வண்டியில் பேட்டரியும் நோயாளிதான். இரண்டரை ஆம்பியர்-அவர் கொண்ட சின்னப் பேட்டரி. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் சில வாரங்களில் மட்டம் இறங்கிவிடும். வழிந்த ஆசிட் பட்டு, ஓவர்ஃப்ளோ குழாய் தொங்கும் இடத்தில் சேஸிஸ் பெயிண்ட் உரிந்து தகரம் தெரிந்தது. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். பக்கத்தில் போனாலே மூக்கில் ஏறும் ஒரு புளித்த நெடி. தேனியில் ஒரு பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள். இன்னொரு பட்டறையில் ரெகுலேட்டரையே மாற்றினார்கள். அதைப் போட்ட பிறகு சில நாள் நன்றாக இருந்தது, மறுபடி மலையில் பல்பு போனது. “மலையில ஓட்டுனா அப்படித்தாங்க போகும்” என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா அதை நம்பிவிட்டார். அதன் பிறகுதான் துணிச் சுற்றில் பல்பின் எண்ணிக்கை கூடியது. எனக்கு அந்தப் பதிலின் மேல் இன்றும் கோபம் உண்டு. மலையில் ஓடும் வண்டிகள் எல்லாவற்றிலுமா பல்பு போகிறது? ஒருவர் உயிரோடு விளையாடும் கோளாறை ‘அப்படித்தான்’ என்று ஒரு சொல்லில் கடந்துபோக எப்படி மனசு வருகிறது?

திருவிழா முடிந்து சில வாரம் கழித்து அம்மா பிடிவாதமாக அப்பாவை வயரிங் சித்தப்பாவிடம் அனுப்பினார். நானும் போனேன்.

அவர் சொந்தச் சித்தப்பா இல்லை. அப்பாவை ‘அண்ணே’ என்று கூப்பிடுவார், ஆகவே எங்களுக்குச் சித்தப்பா. கம்பம் ரோட்டோரம் வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை. லாரி, டிராக்டர், ஜீப், ஆட்டோ என்று எல்லாவற்றுக்கும் வயரிங் பார்ப்பார். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுவார். சிறுவயதிலேயே லாரிப் பட்டறையில் டைனமோ கழுவும் பையனாகச் சேர்ந்து தொழில் கற்றவர். கொட்டகைக்குள் எந்நேரமும் சார்ஜரில் நாலைந்து பேட்டரிகள் மெல்லக் குமிழியிட்டுக்கொண்டிருக்கும்.

அவர் வண்டியைத் தொடவில்லை. “கடைசியா போன பல்பு இருக்காண்ணே?” என்றுதான் கேட்டார்.

அப்பா அதைத் துணியிலேயே வைத்திருந்தார். சித்தப்பா அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். கண்ணாடியின் உட்புறம் கண்ணாடி ரசம் பூசினாற்போல் மங்கலாகக் கறுத்திருந்தது. அறுந்த இழையின் இரண்டு நுனியிலும் கடுகைவிடச் சிறிதாக ஓர் உருண்டை திரண்டிருந்தது.

“குலுக்கல்ல அறுந்த இழை வெட்டுன மாதிரி இருக்கும் பாப்பா, கண்ணாடியும் தெளிவா இருக்கும். இது வெந்து போனது. கரண்டு கூடுதலா வருது.”

இரண்டு பட்டறைகளில் யாரும் கேட்காத கேள்வி அது. செத்த பல்பு எப்படிச் செத்தது என்று.

பிறகு மீட்டரை எடுத்தார். ஊசி ஆடும் பழைய மல்டிமீட்டர். மூலை உடைந்து இன்சுலேஷன் டேப் ஒட்டியது. வண்டியை உதைத்து, பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தார். ஐடிலில் பதின்மூன்றை ஒட்டி நின்ற ஊசி, முறுக்கியபோது பதினைந்தைத் தாண்டிப் பதினாறுக்கு மேல் போனது. ஈயப் பேட்டரிக்குப் பதினாலு, பதினாலரைக்கு மேல் ஆகாது. அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து வாயுவாகப் போய்விடும். டிஸ்டில்டு வாட்டர் எங்கே போகிறது என்பதற்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. ஹெட்லைட் பக்கம் பார்த்தார். அங்கேயும் அதே கதை. ரெகுலேட்டரில் செருகியிருந்த கப்ளரைக் கழற்றிவிட்டு, காயிலிலிருந்து வரும் வயரில் மட்டும் மீட்டரை வைத்து முறுக்கினார். ஊசி முப்பதைத் தாண்டியது. “காயில் நல்லாருக்கு. தடுக்க வேண்டியவன்தான் தடுக்கல.”

அப்பா, “அப்ப ரெகுலேட்டர மாத்தணுமா?” என்றார்.

“மாத்தணும். ஆனா மாத்துனதுதான போயிருக்கு?”

அதைச் சொல்லிவிட்டு அவர் செய்ததை நான் இன்றைக்கும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சார்ஜரிலிருந்து ஒரு நல்ல லாரி பேட்டரியை இழுத்து வந்தார். ஒரு ஹெட்லைட் பல்பில் நீளமான இரண்டு வயரைப் பற்றவைத்து வைத்திருந்தார். பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் சேஸிஸில் பிடித்தார். பாசிட்டிவிலிருந்து பல்பு வழியாக வந்த முனையை, கழற்றிய கப்ளரின் பச்சை வயர்ப் பின்னில் வைத்தார். எர்த் சரியாக இருந்தால் அந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். அது செம்மண் நிறத்தில் மினுங்கியது. வயர்களைச் சேர்த்துக் கட்டிய ஹார்னஸைக் கையால் அசைத்தபோது அணைந்தது, மறுபடி மினுங்கியது.

மீட்டரை ஓம்ஸில் வைத்து அதே பச்சை வயரைப் பார்த்தார். ஊசி நேராகப் பூஜ்யத்தின் பக்கம் போய் நின்றது.

“பாத்தியா? மீட்டர் வச்சா நல்லாருக்குன்னு சொல்லுது. வேல குடுத்தாத்தான் தெரியுது.”

எனக்கு அது பெரிய திறப்பு. மீட்டர் ஓம்ஸ் பார்க்கும்போது வயரில் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். இற்றுப்போன முறுக்கில் அரைகுறையாய்த் தொட்டுக்கொண்டிருக்கும் நான்கைந்து இழைகளே அதற்குப் போதும். 35 வாட் பல்பு கேட்பது மூன்று ஆம்பியர். அத்தனையும் அந்த இழைகளில் போக முடியாது. அங்கேயே சூடாகி, தடை ஏறி, வோல்டேஜ் செத்துவிடும். வகுப்பில் V = IR என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதற்குள் ஒரு மனிதரின் மலைப்பயணம் அடங்கியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டேங்கைக் கழற்றி ஹார்னஸின் டேப்பைப் பிரித்தார். ஹேண்டில் திரும்பும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், ரெகுலேட்டருக்குப் பிரியும் பச்சை வயரை யாரோ வெட்டி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். முன்பு வண்டி வைத்திருந்தவர் பெரிய ஹாரனோ கூடுதல் விளக்கோ மாட்டியிருக்க வேண்டும். அதைக் கழற்றிய பிறகு முறுக்கு மட்டும் தங்கிவிட்டது. சாரல் அதற்குள் இறங்கியிருந்தது. டேப்பை உரித்ததும் பசையோடு சேர்ந்து பச்சைப் பொடி கொட்டியது. செம்பு கறுத்து, விரலால் தேய்த்தாலே உதிர்ந்தது.

பிறகு அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். ரெகுலேட்டர் மிச்ச மின்சாரத்தைச் சேர்த்து வைப்பதில்லை. பச்சை வயர் வழியாக எர்த்துக்குத் தள்ளிவிடுகிறது. வோல்டேஜ் எவ்வளவு என்று அது அளப்பதும் அந்தப் பச்சை வயரிலிருந்துதான். அந்த வயரில் ஒரு ஓம் தடை இருந்து மூன்று ஆம்பியர் போனால் மூன்று வோல்ட் அங்கேயே நின்றுவிடும். ரெகுலேட்டர் தன் கணக்கில் பதின்மூன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். பல்புக்குப் போவதோ பதினாறு. பல்புக்கு வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு கூடினாலே அதன் ஆயுள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மேட்டில், உயர்ந்த சுற்றில், குண்டு குழியில் முறுக்கு ஒரு கணம் விட்டுப்போனால், அந்த முப்பதும் பல்பின் தலையில் இறங்கும். ரெகுலேட்டரும் அந்த அடியைத் தாங்காது. ஆகவேதான் புதிது போட்டும் போனது.

“நம்ம ஊர் தடுப்பணை மாதிரிண்ணே” என்றார். “ஆத்துல தண்ணி கூட வந்தா மேல வழிஞ்சு கீழ போயிரணும். போற வழியில மண்ணக் கொட்டி அடைச்சு வச்சுட்டு, அணை சரியில்லன்னா எப்படி?”

அப்பா சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். முல்லைப் பெரியாற்றின் பழனிசெட்டிபட்டித் தடுப்பணையில் அவர் நீச்சல் பழகியவர்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சில மாதங்களுக்கு முன் கல்லூரியில் எங்களை லோயர் கேம்ப் பெரியாறு மின்நிலையத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள். பொறியாளர் பென்னிகுயிக் கட்டி 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது. அந்தத் தண்ணீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி டர்பைனைச் சுழற்றிவிட்டுத்தான் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு வருகிறது. 1950-களின் கடைசியிலிருந்து அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கேயும் வோல்டேஜை நிலையாக நிறுத்துகிறார்களே, அங்கே யாரும் மிச்சத்தை எர்த்தில் கொட்டவில்லையே என்று கேட்டேன்.

சித்தப்பா சிறிது நேரம் என்னையே பார்த்தார். கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. “அங்க இருக்கறது கரண்டு குடுத்தா காந்தமாவுறது தாயி. வோல்டேஜ் ஏறுச்சுன்னா அந்தக் கரண்டக் குறைச்சுடுவான். நம்ம லாரி ஆல்டர்நேட்டரும் அப்படித்தான். இந்த வண்டியில இருக்கறது நிரந்தரக் காந்தம். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இன்ஜின் ஓடுனா அது பாட்டுக்குக் குடுத்துக்கிட்டே இருக்கும். மிச்சத்தக் கீழ தள்ளித்தான் ஆகணும்.”

எங்கள் பாடப்புத்தகத்தில் இரண்டு அத்தியாயங்களில் பிரிந்து கிடந்ததை அவர் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னார்.

புது ரெகுலேட்டர் வாங்கும் வேலை எனக்கு. பழையதையும் கையில் கொடுத்தார். கப்ளர் ஒன்று போலவே இருக்கும், ஆனால் வண்டிக்கு வண்டி பின் வரிசை மாறும். மாறிய ரெகுலேட்டரைச் செருகினால் ஹார்னஸே கருகிவிடும் என்று எச்சரித்தார். தேனியில் நேரு சிலைப் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இரண்டு வகை எடுத்துப் போட்டார்கள். ஒன்று கம்பெனி அட்டைப்பெட்டியில். இன்னொன்று பெயரில்லாத பாலிதீன் பையில், விலை பாதிக்கும் கீழே. இரண்டையும் இரு கையில் தூக்கிப் பார்த்தேன்; எடை வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. மலிவானதின் பிசின் ஓரத்தில் சுருங்கி அலுமினியத்தை விட்டு விலகியிருந்தது. அந்த இடைவெளியில் சூடு கடத்தப்படாது, ஈரமும் புகும். கம்பெனிப் பெட்டியை வாங்கினேன். இந்த ரகச் சாமான்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவதாக அன்றைக்கு நினைத்திருந்தேன். 1961-இல் சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ், ஓசூரின் இந்தியா நிப்பான் என்று மேக்னெட்டும் ரெகுலேட்டரும் செய்யும் பெரிய தொழிற்சாலைகள் தமிழ்நாட்டிலேயே இருப்பது பிறகுதான் தெரியவந்தது.

நான் திரும்பி வருவதற்குள் சித்தப்பா அழுகிய வயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி எறிந்திருந்தார். அதைவிடப் பருமனான புது வயரைச் சேர்த்து, முறுக்கோடு விடாமல் ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் ஏற்றினார். இன்னொரு முனையில் வளையம் அழுத்திச் சேஸிஸ் போல்ட்டில் மாட்டினார். அதற்கு முன் போல்ட்டைச் சுற்றி எமரித் தாளால் பெயிண்டும் துருவும் போய் இரும்பு மின்னும்வரை தேய்த்தார். இறுக்கிய பிறகு வாசலின் தடவினார். அதோடு விடவில்லை. பச்சை வயரிலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்துப் பேட்டரியின் நெகட்டிவிலும் சேர்த்தார். “ஒரு வழி போனாலும் இன்னொரு வழி இருக்கணும். ராத்திரியில மல ஏறுற வண்டி.”

பேட்டரியை இரவெல்லாம் மெதுவாக சார்ஜ் ஏற்றிப் பார்த்தார். மறுநாள் ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டின் அடர்த்தியை, அதாவது கிராவிட்டியை, எடுத்தபோது ஐந்து செல் 1250-க்கு வந்துவிட்டது. ஒன்று மட்டும் ஏறவேயில்லை. ஆகவே பேட்டரியையும் மாற்ற வேண்டியதாயிற்று.

காத்திருந்த நேரத்தில் மேசை டிராயரிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துக் காட்டினார். டைனமோ வண்டிக் காலத்து ரெகுலேட்டர். புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் எல்லாம் ஆறு வோல்ட்டில் ஓடிய காலம். மூடியைக் கழற்றினால் இரண்டு சுருள், அதன் மேல் ஸ்பிரிங் தகடு, நுனியில் பாயிண்ட். வோல்டேஜ் ஏறினால் சுருள் தகட்டை இழுக்கும், பாயிண்ட் விலகும், குறைந்தால் சேரும். ஒரு விநாடிக்குள் எத்தனையோ முறை இப்படித் துடித்துத் துடித்துச் சரிசெய்யும். பாயிண்ட் கருகினால் தேய்க்கலாம், ஸ்பிரிங் தளர்ந்தால் திருகலாம். அதைப் பழுது பார்த்தே ஒரு குடும்பம் பிழைக்கலாம் என்றார். தைரிஸ்டரை 1957-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் உருவாக்கியது. அது மலிவாகி வண்டிக்குள் வந்தபோது துடிக்கும் பாகம் எதுவும் இல்லாமல் போனது. பிசினுக்குள் இருப்பதைத் திறக்க வழியில்லை. போனால் எறிய வேண்டியதுதான். சித்தப்பா அதைக் குறையாகச் சொல்லவில்லை. புதியது துல்லியமானது, அசையாதது, தேயாதது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் திறக்க முடியாத பெட்டி வந்த பிறகு, பெட்டிக்கு வெளியே இருக்கும் வயரையும் பார்க்காமல் விட்டுவிட்டார்கள் என்பது அவர் வருத்தம். அந்த வருத்தம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

புதிதை மாட்டிய பிறகு என்னிடம் மீட்டரைக் கொடுத்தார். அப்பா உதைத்தார். ஐடிலில் பதின்மூன்று. மெல்ல முறுக்கினார், ஊசி பதினாலைத் தொட்டு, கொஞ்சம் தாண்டி நின்றது. இன்னும் முறுக்கினார், இன்ஜின் அலறியது. ஊசி அங்கேயே நின்றது. பச்சை வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வைத்துப் பார்த்தேன். ஊசி அசைந்ததாகவே தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஓடிய பிறகு ரெகுலேட்டரைத் தொடச் சொன்னார். நல்ல சூடு. மிச்சத்தை அது தள்ளிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது.

கூலியாக அவர் கேட்டது மிகக் குறைவு. அப்பா கூடக் கொடுத்ததை வாங்கவில்லை. அம்மா மறுநாள் ஒரு தூக்குவாளியில் மீன்குழம்பு கொடுத்துவிட்டார், அதை வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் அத்தை வந்தபோது, “இப்பல்லாம் அண்ணே எங்க ஜீப்ப முந்திக்கிட்டுப் போகுது. மெதுவாப் போகச் சொல்லு மதினி” என்று புகார் சொன்னார். அம்மா அதற்குத் திட்டினார்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு தூங்கினார். துணிச் சுற்றில் இருந்த பல்புகள், அப்பா வேலையை விட்டு வண்டியையும் விற்கும்வரை பிரிக்கப்படவேயில்லை.

இப்போது வண்டிகள் மாறிவிட்டன. 2017 ஏப்ரல் 1 முதல் தயாரான இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு எரிந்தபடியே இருக்க வேண்டும் என்பது சட்டம். 2020-இல் பி.எஸ். 6 புகை விதி வந்தபின் சிறு வண்டிகளிலும் பெட்ரோலை அளந்து விடுவது ஒரு கணினிப் பெட்டி. விளக்கும் அநேகமாக எல்லாவற்றிலும் பேட்டரி வழிதான்; பெரிய வண்டிகளில் காயிலிலிருந்து மூன்று மஞ்சள் வயர் வருகிறது. பேட்டரி சீல் வைத்தது. கூடுதல் சார்ஜ் போனால் ஆசிட் வழியாமல் வயிறு ஊதிக்கொள்ளும். பேட்டரி போனால் உதைத்துக் கிளப்பவும் பல வண்டிகளில் கிக்கர் இல்லை. எர்த் கெட்டுப்போவது மட்டும் அப்படியே இருக்கிறது. முன்பு ஒரு பல்புதான் போனது. இப்போது அதே இற்றுப்போன முறுக்கால் மீட்டர் போர்டும் கணினிப் பெட்டியும் சேர்ந்து கோளாறு காட்டுகின்றன. ஆயிரக்கணக்கில் செலவு வைக்கின்றன.

நான் பள்ளியில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். மின்தடைப் பாடம் வரும்போது இற்றுப்போன ஒரு வயரையும், வயர் பற்றவைத்த ஒரு 35 வாட் பல்பையும் வகுப்புக்கு எடுத்துப் போவேன். முதலில் மீட்டரில் பார்க்கச் சொல்வேன்; நன்றாக இருக்கிறது என்பார்கள். பிறகு பல்பை மாட்டச் சொல்வேன்.

போன மாதம் எங்கள் பள்ளிக் காவலாளியின் பழைய நூறு சி.சி. வண்டியில் ஹெட்லைட் பல்பு அடிக்கடி போகிறது என்று பசங்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கப்ளரைக் கழற்றச் சொல்லி, பச்சை வயரில் பல்பை வைத்துப் பார்த்தோம். முழு வெளிச்சம். ஹார்னஸை நன்றாக ஆட்டியும் பார்த்தோம், வெளிச்சம் அசையவில்லை. அப்படியானால் கோளாறு வேறெங்கோ. ஒருவன் மீட்டரை ஏ.சி.க்குத் திருப்பினான், இன்னொருவன் கிக்கரை உதைத்தான், மஞ்சள் வயரிலிருந்து தேட ஆரம்பித்தோம்.